ஒத்தவிரல் ஓட்டிய வேன்

ஒத்தவிரல் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் தங்கை மகள் வாயில், அதுவும் திட்டாக. "அந்த ஒத்தவிரல் என் பிள்ளைய ஏத்தாமலே போயிட்டான், பெரியம்மா!" பாவம், மற்ற விரல்களை எங்கே தொலைத்தாரோ என்று உச்சுக்கொட்டினேன். நேரில் பார்த்தால் பத்தும் இருந்தன.

அவர் பயிற்சி மையத்து வேன் ஓட்டுநர். உட்கார, நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளை ஏற்றிப் போவார். பெல்ட்டுக்கும் பிள்ளையின் தோளுக்கும் நடுவில் ஒரு விரல்தான் நுழையவேண்டும். இரண்டு நுழைந்தால் வண்டியைக் கிளப்பமாட்டார்.

தங்கை மகளின் பாப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. கழுத்து நிற்காது. மடியில்தான் வைத்துக்கொள்வேன் என்று இவள் அடம்பிடித்ததில் இரண்டு நாள் பயிற்சி போயிற்று. மூன்றாம் நாளும் போகாவிட்டால் மையத்தில் அந்த இடம் வேறு பிள்ளைக்கு.

நான் சமாதானம் பேசப் போனேன். "ஏன் தம்பி, நீ என் மூத்த மருமகளோட சித்தப்பாவுக்கு மச்சான்தானே?"

"உறவெல்லாம் இறங்கினப்புறம் பேசலாம், பெரியம்மா. முதல்ல பெல்ட்டு."

இவள் முனகிக்கொண்டே பாப்பாவை இருக்கையில் வைத்தாள். முதுகு வலிக்குமே என்று நான் பின்னால் ஒரு தலையணையைச் செருகினேன். அவர் விரலை விட்டுப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனுஷனுக்குச் சந்தேகம். கையைப் பின்னால் விட்டுத் தலையணையை உருவினார். பெல்ட் தொளதொளவென்று ஆனது. அவர் முஷ்டியே நுழைந்தது.

"இது யாரு வேலை?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

இருக்கையைச் சற்றுச் சாய்த்து, தலைக்கு இரு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்து, பெல்ட்டை இறுக்கினார். கூடவே ஏறி உட்கார்ந்த எனக்கும் ஒரு பெல்ட்டை மாட்டிவிட்டார். தலையணை என் மடிக்கு வந்தது.

திருப்பத்தில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. பிரேக் போட்டார். தலையணை பறந்துபோய் அவர் பிடரியில் அறைந்தது. பாப்பா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கெக்கெக்கென்று சிரித்தது.

"மடியில இருந்தது எங்க போச்சு, பெரியம்மா?" என்றார், திரும்பாமலே.

தங்கை மகள் தன் விரலைப் பாப்பாவின் பெல்ட்டுக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பயிற்சி இடம் தப்பித்தது. பாப்பாவுக்கு இப்போது எட்டு வயது. ஒத்தவிரல் அதே மையத்தில்தான் வேன் ஓட்டுகிறார். வீடு எங்களுக்கு அடுத்த தெருவில்.