பார்லிக் கப்பல் போட்ட எண்ணிக்கை

ஆவி, பேய் என்று யாராவது கதைத்தால் எழுந்து போகிற ஆள் நான். காங்கேசன்துறைக் கிட்டங்கியில் இருபத்தாறு வருடம் மூட்டை எண்ணினவன். எண்ண முடியாத எதையும் கணக்கில் எடுத்ததில்லை. நீங்கள் சிரிக்கலாம், ஆனால் முழுதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, மே மாதம், காலை பத்து மணி. கனடாவில், ஸ்காபரோவில் மருமகன் குகனோடு துடுப்புப் படகில் ஏரிக்குள் மீன் பிடிக்கப் போனேன். நூறு வருடத்துக்கு முன் பார்லி ஏற்றிவந்து மூழ்கிப்போன மரக்கப்பல் ஒன்று அங்கே கிடக்கிறது, அதற்குள் மீன் நிற்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கரையிலிருந்து முன்னூற்று நாற்பது தரம் துடுப்பு வலித்துப் போய்ச் சேர்ந்தோம். உரத்து எண்ணிக்கொண்டே போனேன்.

"மாமா, உங்கட கணக்குக்கே மீனெல்லாம் ஓடப்போகுது. கொஞ்சம் வாயை மூடுங்கோ."

மூடிக்கொண்டு கீழே கிடந்த கப்பலைப் பார்த்தேன். எங்கள் கடலென்றால் புழு தின்று முடித்திருக்கும். இங்கே குளிர்ந்த நல்ல தண்ணீர், மரம் நேற்று அறுத்தது போல இருந்தது. இருபத்துமூன்று விலாமரங்கள்.

நிமிர்ந்தால் கரை இல்லை. அவ்வளவு பனிப்புகார். காற்று எங்களை ஏரியின் நடுவுக்குத் தள்ளத் தொடங்கியது. குகனுக்கு நீச்சல் தெரியாது, மிதவை அங்கி இரண்டும் காரில், மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. "கத்திப் பாப்பம் மாமா" என்றார். "கத்தினால் தொண்டைதான் போகும். நீர் தள்ளி இரும்" என்று துடுப்பை வாங்கினேன். பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தகப்பனைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் விடுவதில்லை என்று முடிவு. ஆனால் எந்தப் பக்கம் வலிப்பது?

அப்போதுதான் கேட்டது. டொக். டொக். மரத்தில் மரம்.

"கரையில ஆரோ வேலை செய்யினம்!" என்றார் குகன். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வலித்தேன், எண்ணினேன். எங்கள் கிட்டங்கியில் இருபது இருபதாகத்தான் எண்ணுவோம். முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்லமாட்டோம், 'லாபம்' என்போம், அதற்குப் பலகையில் தட்டுவதும் இல்லை. இரண்டிலிருந்து மூட்டைக்கு ஒரு தட்டு. மூன்றாவது இருபதில்தான் கவனித்தேன், அந்தச் சத்தமும் பத்தொன்பது தட்டி ஒன்றுக்குச் சும்மா இருந்தது. என் லாபத்துக்கு. துடுப்பை நிறுத்தினேன், அதுவும் நின்றது. ஆனாலும் விடவில்லை, நிறுத்தினால் திசை போய்விடும். நீ தட்டு, நான் வலிக்கிறேன் என்று வலித்தேன். பதினேழாவது இருபது முடிய, படகு மணலில் உரசியது.

கரையில் ஒருவரும் இல்லை. தட்டுவதற்கு ஒரு பலகைத் துண்டுகூட இல்லை.

நான் எண்ணினதைக் கேட்டு யாரோ பகிடி விட்டிருக்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, காரில் போகும்போது குகனிடமும் அதையே சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"நீங்கள் எங்கை மாமா எண்ணினனீங்கள்? வரேக்கை வாயே திறக்கேல்லை. நான் சொன்னதுக்குக் கோவமாக்கும் எண்டெல்லோ நினைச்சனான்."

அந்தப் பிள்ளைக்கு இப்போது கலியாண வயது. நான் இன்றும் எதை எண்ணினாலும், மனதுக்குள் லாபம் என்று சொன்னபிறகு இரண்டு சொல்லக் கொஞ்சம் தயங்குகிறேன்.