கூரையில் செருகிய கட்டுரை

புகை குடித்துப் பழுத்த பனையோலைக்கு ஒரு வாசம் உண்டு. கொஞ்சம் அடுப்பு, கொஞ்சம் எலி, கொஞ்சம் போன வருஷத்து மழை. எங்கள் வடக்கு அறைக்குள் நுழைந்தால் அந்த வாசம்தான் முதலில் வரும், பிறகுதான் அண்ணை தெரிவார், பாயில் மல்லாந்து கிடந்து கூரையையே பார்த்தபடி. கேட்டால் "படிக்கிறன்" என்பார். புத்தகமில்லாமல் படிக்கிற பிள்ளை வட்டுக்கோட்டைப் பக்கத்தில் இவன் ஒருத்தன்தான் என்று அம்மா பகிடி பண்ணுவா.

உண்மையில் அவர் படித்தது கூரையைத்தான். மனதில் ஏதாவது தோன்றினால் துண்டுக் கடதாசியில் இங்கிலீசில் எழுதி, ஈர்க்கில் குத்தி, தாழ்ந்த கூரையின் ஓலை இடுக்கில் செருகிவிடுவார். கொப்பியில் எழுதினால் முதலில் வந்தது முதலிலேயே கிடந்துவிடுமாம். கூரையிலென்றால் எழும்பி நின்று கையை நீட்டி இடம் மாற்றலாமாம். முன்பின் தெரியாத இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றாவது யோசனை தானாக வரும் என்பார். "பெடியனுக்கு விசர்" என்று அயலில் சொன்னார்கள். சொல்லட்டுமே! எனக்கு என் அண்ணையை விடக் கெட்டிக்காரர் யாழ்ப்பாணத்திலேயே இல்லை.

அவர் படித்த கல்லூரியில் அந்த வருஷம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். முதலாவதாக வருகிறவருக்குக் கொழும்பில் மேலே படிக்க உபகாரச் சம்பளம். கிடைக்காவிட்டால் மலாயாதான், அங்கே கிளாக்கராக இருந்த மாமா, அனுப்பிவிடுங்கோ என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். அண்ணை எடுத்த பொருள் எங்கள் கிணறுகள். வற்றாத ஆறே இல்லாத இந்த மண்ணில் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது, வேலிக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீரும் அந்தப் பக்கம் உவரும் ஏன் என்று ஊரெல்லாம் போய் அள்ளிக் குடித்துப் பார்த்து, கிழவர்களைக் கேட்டு வந்து எழுதினார். நல்ல தண்ணீர்த் துண்டுகள் கூரையின் கிழக்குக் கரையில், உவர் மேற்கில், இரண்டிலும் சேராதவை முகட்டடியில். "முகட்டிலை கிடக்கிறதுதான் பிள்ளை என்ரை சொந்தச் சரக்கு" என்பார். எனக்கு அப்போது இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. பெரிய மனுஷி போலத் தலையை ஆட்டுவேன்.

ஓலை வீட்டை வருஷா வருஷம் வேயவேண்டும். இறக்குகிற பழைய ஓலை தோட்டத்துக்குப் பசளையாகப் போய்விடும். அந்த முறை தோட்ட வேலையில் ஐயாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், வேய்ச்சல் பிந்திப்போய், சனிக்கிழமைக்கு நாள் வைத்திருந்தார். வெள்ளி இரவு எல்லாவற்றையும் இருக்கிற ஒழுங்கிலேயே எடுத்து எழுதிவிடுவதாக அண்ணையும் சொல்லியிருந்தார். வியாழன் விடிய ஒரு தூறல் போட்டது. அந்தத் தூறலுக்கே வடக்கு அறை ஒழுகி மண்சுவர் ஊறத் தொடங்க, பெருமழைக்கு முன் இன்றைக்கே முடிப்போம் என்று ஐயா அயலாரைக் கூப்பிட்டுக் கூரையில் ஏற்றிவிட்டார். அண்ணை பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தார்.

நான் ஏணியடிக்கு ஓடி, அண்ணையின் துண்டெல்லாம் கூரையில் கிடக்கு என்று கத்தினேன். ஐயா ஆட்களை நிறுத்தினார்தான். தானே இரண்டு துண்டைப் பிடுங்கியும் எடுத்தார். அதற்குள் கிழக்கே இடி முழங்கியது. பாதிக் கூரை திறந்து கிடந்தது. அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விழ விழப் பொறுக்கு பிள்ளை" என்றார். ஓலை சரசரவென்று விழ, நான் குனிந்து குனிந்து பொறுக்கினேன், ஒன்றையும் விடவில்லை. ஓலைக் கடகப்பெட்டி நிரம்பிவிட்டது.

பின்னேரம் அண்ணை வந்ததும் கடகத்தைப் பெருமையோடு நீட்டினேன். அவர் அதை வாங்காமல் கூரையைப் பார்த்தார். புது ஓலை, பச்சை வாசம்.

"துண்டெல்லாம் இருக்கு பிள்ளை. ஒழுங்குதான் போயிட்டுது."

வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்தபடி ஐயா, "நான் கூரையைப் பாக்கிறதோ, துண்டைப் பாக்கிறதோ?" என்றார். யாரைக் கேட்டாரோ தெரியாது.

அண்ணை திரும்பச் செருகிப் பார்த்தார், பாய் முழுக்கப் பரப்பிப் பார்த்தார். ஏதோ எழுதியும் கொடுத்தார். பட்டணத்துப் பெடியன் ஒருவனுக்குப் பரிசு போனது. தை பிறந்ததும் அண்ணை கப்பலேறினார். அங்கே மற்றவர்களுடைய கடதாசிகளை அடுக்கிவைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று மாமா எழுதியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று அந்த இடத்தில் கல்வீடு நிற்கிறது. வேய்ச்சலுமில்லை, அதற்குக் கூடுகிற அயலுமில்லை. அண்ணை குடித்துப் பார்த்த நல்ல கிணறுகளில் பாதி உவராகிவிட்டன. பென்ஷனோடு திரும்பி வந்தவர் வடக்கு அறைக் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார். மேலே சீமெந்துத் தட்டு, ஓர் ஈர்க்குக்கூடச் செருக இடமில்லாத வெள்ளை. போன கிழமை தேத்தண்ணியோடு போனேன். கையை மேலே நீட்டிக்கொண்டு கேட்டார்:

"பிள்ளை, உவர்க் கிணத்துக்குப் பிறகு முகட்டிலை என்ன செருகினனான்?"

எத்தனையோ பிள்ளைகளுக்கு இங்கிலீசு படிப்பித்து ஓய்ந்தவள் நான். அந்தத் துண்டுகளை வாசிக்கத் தெரியாமல் பொறுக்கினவளும் நான்தான். "தெரியேல்லை அண்ணை" என்றேன். அவர் கையை இறக்கவில்லை.