வேலியோரத்து மண்மேடு

ஆவடியில் எங்கள் சர்ச்சுக்கு அவர்தான் குமாஸ்தா. ஒல்லியான மனிதர். எந்தப் புத்தகத்தையும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டுதான் தொடுவார். கைக்குழந்தையாகவே இறந்துபோன என் தம்பிக்குப் பெயர்க்கல் நட்டிருக்கவில்லை. அவன் கல்லறையைத் தேடி, அடக்கப் பதிவேட்டைக் கேட்டுப் போனேன்.

"ஏழு வருஷத்துக்கு முந்தின ரசீதுங்களைக் கழிக்கச் சொன்னாங்க நைனா. அதோட சேர்த்து அதையும் நான்தான் எடைக்குப் போட்டுட்டேன். அது காலத்துக்கும் வச்சிருக்கணும்னு அப்பாலதான் தெரிஞ்சுது" என்றார்.

நோயில் தேய்ந்துகொண்டிருந்த அம்மா, தம்பியின் பக்கத்திலேயே தன்னையும் புதைக்கச் சொல்லியிருந்தாள். ஒருநாள் அவளை ஆட்டோவில் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். குமாஸ்தாவும் வந்தார்.

"எம் புள்ள எங்கய்யா?" என்று அவரைக் கேட்டாள்.

அவர் வேலியோரம் ஒரு மண்மேட்டைக் காட்டினார். அம்மா அதைத் தடவித் தடவி அழுதாள்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "நிஜமாகவே அதுதானா?" என்று கேட்டேன்.

"தெரியாது நைனா" என்றார்.

அம்மாவை அங்கேதான் புதைத்தோம். எனக்கும் அந்தப் பொய்யையே அவர் சொல்லியிருக்கலாம்.