அட்டை சார் மறைத்த பதினான்கு இடங்கள்

அந்தப் பள்ளிக்கூடத்தின் விலங்கியல் ஆசிரியரை எல்லோரும் அட்டை சார் என்றுதான் சொல்வார்கள். விவரம் தெரியாதவர்கள், ரத்தம் உறிஞ்சும் அட்டையைப் பற்றி மனிதர் ஏதோ பெரிய ஆராய்ச்சி செய்திருக்கிறார் போலும் என்று நினைத்து மரியாதையாகத் தலையசைப்பார்கள். அவரும் திருத்தமாட்டார். உண்மையில் அது ஃபிரிட்ஜ் வந்த பெட்டியிலிருந்து வெட்டிய அட்டை.

ஆள் கெட்டிக்காரர்தான். தவளையின் இதயத்தைப் பேசிக்கொண்டே பலகையில் வரைந்துவிடுவார். மண்புழு என்று ஆரம்பித்தால் வகுப்பில் மண் வாசனையே வந்துவிடும். பதினாறு பாடம் வரைக்கும் அவரை அசைக்க ஆள் கிடையாது. பதினேழாவது பாடம் விலங்குகளின் இனப்பெருக்கம். அந்த வாரம் பார்த்து அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பத்தொன்பது வருஷமாக, நாள் நட்சத்திரம் பார்த்து வைத்தாற்போல அதே வாரம். கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து, "ரொம்பச் சுலபமான பாடம், வீட்டுல படிச்சுக்கோங்க. சந்தேகம் இருந்தா..." என்று ஆரம்பித்து, சற்று யோசித்து, "சந்தேகம் வராது" என்று முடித்துவிட்டுப் பதினெட்டாம் பாடத்துக்குத் தாவிவிடுவார். அவருடைய சொந்தப் புத்தகத்தில் அந்த ஆறு பக்கங்களும் ஸ்டேப்ளர் பின் அடித்து மூடப்பட்டிருக்கும். யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றுவதற்கு என்று தெரியாது. இத்தனைக்கும் அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் புதுத் தலைமையாசிரியை வந்து சேர்ந்தார். கணக்கு டீச்சர். மனிதர்களைப் பார்க்கும்போதே சதவீதம் போட்டுப் பார்க்கிற ரகம். வந்த மாதமே பழைய விடைத்தாள்களையெல்லாம் அலசிவிட்டு இவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சார், நம்ம பிள்ளைங்க எந்த வருஷம் பாத்தாலும் அதே எட்டு மார்க்கைத்தான் விடுறாங்க. அது எந்தப் பாடம்?"

"பதினேழாவது மேடம்."

"பாடத்துக்குப் பேர் இல்லையா?"

சார் இருமினார்.

தலைமையாசிரியை விஷயத்தைப் புரிந்துகொண்டார். திட்டவில்லை. "ஒரு டாக்குமெண்டரி இருக்கு. ஆமை, தவளை, சிங்கம், கடல்குதிரை... முட்டையில இருந்து சாவு வரைக்கும் எல்லாம் காட்டுறாங்க. ஒரு மணி நேரம்தான். ஒன்பதாம் வகுப்பு மொத்தத்தையும் ஹால்ல உக்கார வெச்சுப் போட்டுடலாம்" என்றார். சாருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பேசுகிற வேலையைப் படத்தில் வருகிறவன் பார்த்துக்கொள்வான். தான் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் போதும்.

ஆனால் பெற்றோர் சங்கத் தலைவர் காதுக்குச் செய்தி போய்விட்டது. அவர் மரக்கடைக்காரர். தேக்கு, வேங்கை எல்லாம் விற்பார், ஒழுக்கத்தை இலவசமாகக் கொடுப்பார். மறுநாளே வந்து நின்றார்.

"படம் போடுங்க மேடம், வேண்டாங்கல. ஆனா பசங்களும் பொண்ணுங்களும் ஒரே ஹால்ல உக்காந்து... அதெல்லாம்..."

"எதெல்லாம்?"

"அதான் மேடம். அதெல்லாம்."

தலைமையாசிரியைக்கு வேண்டியது எட்டு மார்க். சண்டை இல்லை. "சரிங்க. வேண்டாத இடம் வரும்போது சார் மறைச்சுடுவார்" என்று பக்கத்தில் நின்றவரைக் காட்டிவிட்டார். சிவனே என்று நின்றவர் தலையில் இடி விழுந்தது. கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்துவிடலாம், உண்மைதான். ஆனால் கம்ப்யூட்டர் ஆசிரியை ஒரு பெண். எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று அவரிடம் யார் வாய் திறந்து சொல்வது? அதற்கு அட்டையே மேல்.

எதை எப்போது மறைப்பது என்று குறித்துக்கொள்ள, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பும் நோட்டுமாக உட்கார்ந்தார். மாமியார் சில நாள் தங்கிப்போக வந்திருந்தார். எதிர் நாற்காலியில் தூங்குகிற மாதிரி சாய்ந்திருந்தாலும், காதும் ஒரு கண்ணும் திறந்துதான் இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து மாமியார் எழுந்து சமையலறைக்குப் போய் மகளிடம் ரகசியம் சொன்னார். ரகசியம் தெருவுக்கே கேட்டது.

"உன் புருஷன் ரெண்டு நத்தையையே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருக்காரு. எனக்கு ஒண்ணும் நல்லதாப் படல."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னங்க இது?"

"ஸ்கூல் வேலை."

"இதைப் பாக்குறதா வேலை?"

"மறைக்கிறதுக்காகத்தான் பாக்குறேன்."

"மறைக்கிறதுக்கு எதுக்கு நாலு தடவை?"

"எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு சரியாத் தெரிய வேண்டாமா?"

மனைவி தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். ஜன்னலைச் சாத்தியதுதான் அவரைச் சுட்டது.

பொழுது சாய்வதற்குள் பட்டியல் தயார். மொத்தம் பதினான்கு இடங்கள், எல்லாம் சேர்த்துப் பதினொரு நிமிஷம். கும்பிடுபூச்சியிடம்தான் திண்டாடிப் போனார். ஆண் பூச்சியோடு சேர்ந்திருக்கும்போதே பெண் பூச்சி அதன் தலையைக் கடித்துத் தின்கிறது. சேர்வது கூடாது, தின்பது கூடும். ஒரே காட்சியில் இரண்டும் இருந்தால் என்ன செய்வது? 'அட்டையைச் சாய்த்துப் பிடிக்கவும், தலை மட்டும் தெரியலாம்' என்று குறித்துக்கொண்டார். ஆண் கடல்குதிரை தன் வயிற்றுப் பையிலிருந்து குஞ்சுகளைப் பிரசவிக்கிற இடத்தையும் பட்டியலில் சேர்த்தார். பையன்கள் மனசில் தேவையில்லாத பயம் வந்துவிடக்கூடாது இல்லையா? புதிதாக வந்த சிங்கம் பழைய சிங்கத்தின் குட்டிகளைக் கடித்துக் கொல்வதும், முதலை கன்றுக்குட்டியைத் தண்ணீருக்குள் இழுப்பதும் பட்டியலில் இல்லை. சாவதில் ஆபாசம் எதுவும் அவருக்குத் தென்படவில்லை.

அட்டையை வெட்டிக் கொண்டுபோனபோது ஓவிய ஆசிரியர் தானாக முன்வந்தார். "நாலு பேர் பாக்குற இடத்துல இப்படிப் பழுப்பு அட்டையவா தூக்குவீங்க?" என்று சொல்லி, இரண்டு பக்கமும் பளபளவென்று வெள்ளைச் சார்ட் ஒட்டிக் கொடுத்தார். நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களால்தான் பாதிக் கேடு.

வெள்ளிக்கிழமை காலை ஹாலில் நூற்றிருபது பிள்ளைகள். மேற்பார்வைக்கு என்று முதல் வரிசையில் மரக்கடைக்காரர். புரொஜெக்டர் கூரையிலிருந்து தொங்கியது. திரை என்பது எப்போதோ வெள்ளையடித்த சுவர்தான். ஓதம் ஏறி, பாசி படிந்து, அதில் யானையும் எருமையும் ஒன்றுபோலத் தெரியும். ஆமை முட்டையிட்டது. குஞ்சுகள் கடலுக்கு ஓடின. பாதியைப் பறவைகள் தூக்கிக்கொண்டு போயின. பிள்ளைகள் உச்சுக் கொட்டினார்கள். சார் கடிகாரத்தைப் பார்த்தார். முதல் இடம், தவளைகள். மேடையில் தாவி ஏறிச் சுவருக்கு முன்னால் நின்று அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

ஹாலில் கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி சிரிப்பு. சாருக்குக் காரணம் புரியவில்லை. மரக்கடைக்காரர்தான் பதறி எழுந்து கத்தினார்: "சார், சார், இப்பதான் ரொம்பத் தெளிவாத் தெரியுது!"

பாசிச் சுவரில் மங்கலாகக் கிடந்த தவளைகள் வெள்ளைச் சார்ட்டில் பச்சைப் பசேலென்று துலங்கின. கண் வரைக்கும் தெரிந்தது. சார் அட்டையைக் கீழே போட்டார். போட்டவர் சும்மா இருந்திருக்கலாம். கையை அகல விரித்துக்கொண்டு தானே குறுக்கே நின்றார். போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. தவளைகள் அவர் தொந்தி மேல் ஏறிக்கொண்டன.

தவளைக்குப் பின்னால் நத்தை வந்தது. அவர் நகரவில்லை. கடமை என்று வந்துவிட்டால் அவர் அப்படித்தான். படத்தில் பேசுகிறவன் கணீரென்று சொன்னான்: "இந்த நிகழ்வு பல மணி நேரம் நீடிக்கும்."

பின்வரிசையிலிருந்து தலைமையாசிரியை கேட்டார். "சார், இன்னும் எவ்வளவு நேரம் அங்க நிக்கப் போறீங்க?"

பதற்றத்தில் காதில் விழுந்ததையே சார் திருப்பிச் சொன்னார். "பல மணி நேரம் மேடம்!"

அதற்குப் பிறகு ஹாலை அடக்க யாராலும் முடியவில்லை. தலைமையாசிரியை படத்தை நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தை ஃபைலால் மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். சிங்கம் குட்டிகளைக் கடிக்கிற கட்டம் வந்தபோது சார் வியர்வையைத் துடைத்துக்கொள்ள உட்கார்ந்தார். அவர் பட்டியல்படி அது ஓய்வு நேரம். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் பிள்ளை அழுதது. அதை யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் மணி அடிப்பதற்குள் அவருக்கு அட்டை சார் என்று பெயர் நிலைத்துவிட்டது.

அவருடைய மகளும் அங்கேதான் ஒன்பதாம் வகுப்பு படித்தாள். வீட்டுக்கு வந்ததும் புத்தகப்பையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, நத்தையை எதுக்கு மறைச்சீங்க?"

"அது வந்து... ஆணும் பொண்ணும்..."

"நத்தையில ஆண் தனி, பொண்ணு தனின்னு கிடையாதுப்பா. ஒவ்வொண்ணும் ரெண்டும்தான். புத்தகத்துலயே இருக்கு."

"எந்தப் பக்கத்துல?"

"நீங்க பின் அடிச்சு வெச்சிருக்கீங்களே, அதுல."

விலங்கியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவர் அன்று தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனார்.

அடுத்த வாரம் பெற்றோர் சங்கத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். எல்லாம் ஆண்கள், எல்லாம் தகப்பன்மார்கள். நடந்த அசம்பாவிதத்தை விசாரிக்க வேண்டுமாம். அதற்கு முதலில் எது எது ஆட்சேபத்துக்குரியது என்று அவர்கள் கண்ணால் சரிபார்க்க வேண்டுமாம். அட்டை சாரின் பட்டியலை வாங்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பதினொரு நிமிஷக் காட்சியைச் சரிபார்க்க இரண்டேகால் மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு முறை டீ போயிற்று. கதவு ஒரு கை நுழைகிற அளவுக்குத் திறந்து, டீயை வாங்கிக்கொண்டு மறுபடி மூடிக்கொண்டது. வெளியே வந்தவர்கள் முகத்தில் அலுப்பு தெரியவில்லை. பதினான்கு இடங்களும் மாணவர்களுக்கு ஏற்றவை அல்ல என்றும், சிங்கம் குட்டிகளைக் கொல்வது இயற்கை என்பதால் இருந்துவிட்டுப் போகலாம் என்றும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். "பட்டியல் என்கிட்டயே இருக்கட்டும் சார், ஃபைலுக்கு வேணும்" என்று மரக்கடைக்காரர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் தலைமையாசிரியை அட்டை சாரைக் கூப்பிட்டார். "படம் முடிஞ்சுது, விசாரணையும் முடிஞ்சுது. எட்டு மார்க் இன்னும் வரல சார். திங்கட்கிழமை நீங்களே பாடம் எடுங்க. நான் பின்னாடி வந்து உக்காருவேன்."

"மேடம், எனக்குத் தொண்டை..."

தலைமையாசிரியை மேஜை டிராயரைத் திறந்து தொண்டை மாத்திரை ஒரு பட்டையை எடுத்து நீட்டினார். முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை அட்டை சார் பாடம் எடுத்தார். ஆனால் யார் முகத்தையும் பார்த்து இல்லை. வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரும்பலகையோடு குடும்ப விஷயம் பேசுகிறவர் மாதிரி, தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். கால் மணி நேரம் ஆயிற்று. சிரிப்புச் சத்தம் எதுவும் வரவில்லை என்பதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அப்போது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்.

"சார், குஞ்சை எப்ப வெளியே விடணும்னு ஆண் கடல்குதிரைக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. பத்தொன்பது வருஷமாக யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. சார் தன்னை மறந்து திரும்பிவிட்டார். சாக்பீஸைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தன் வயிற்றைப் பிடித்து, பை எப்படி இறுகும், உடம்பு எப்படி முன்னும் பின்னும் வளையும், நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் எப்படிப் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும் என்று நடித்தே காட்டினார். நடுவில் நிமிர்ந்து பார்த்தார். நாற்பது முகங்கள். ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியையும் எழுதிக்கொண்டிருந்தார். சார் வயிற்றிலிருந்து கையை எடுத்தார். மறுபடி பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு மிச்சப் பாடத்தை அதனிடமே சொல்லி முடித்தார்.

அந்த வருஷப் பரீட்சையில் பிள்ளைகள் எட்டுக்கு ஏழு வாங்கினார்கள். ஆண்டு விழாவில் மரக்கடைக்காரர் அட்டை சாரை மேடைக்குக் கூப்பிட்டு, மாணவர் ஒழுக்கத்தைக் கட்டிக் காத்ததற்காக ஒரு சான்றிதழ் கொடுத்தார். பிள்ளைகள் வாங்கிய மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அட்டை சாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, புகைப்படக்காரருக்காக இன்னொரு தடவையும் வாங்கிக்கொண்டார். அவர் அந்த ரகம். கிடைத்ததை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்ட வீட்டுச் சுவரில் ஆணி அடித்த நாளில் மாமியார் மறுபடி வந்திருந்தார். பாடத்தில் கடல்குதிரையைப் பற்றிச் சொன்னதைப் பேத்தி வாய்வழியாகக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளையிடம் நேராகவே கேட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, நிஜமாவே ஆம்பளைதான் பெத்துக்குதா?"

"ஆமாம் அத்தை."

"வலிக்குமா அதுக்கு?"

"வலிக்கிற மாதிரிதான் தெரியுது."

"எங்க, போடுங்க பாப்போம்."

சார் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். மாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மனைவியும் வந்து பின்னால் நின்றாள். ஆண் கடல்குதிரை வளைந்து நெளிந்து துடித்து, வயிறு வெடிக்கிற மாதிரி குஞ்சுகளை வெளியே தள்ளியது. மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தார் மாமியார். நான்கு பிள்ளை பெற்றவர். மூன்றாவது தடவை முடிந்ததும் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதைப் போயா மறைச்சீங்க?"