அக்காவின் தைராய்டுக்கு வைத்த பட்டினி

வேதியியல் படித்தவன் என்பதால் விளக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. புற்றுநோய்க் கட்டிக்காக அக்காவின் தைராய்டை எடுத்துவிட்டார்கள். எஞ்சிய செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் தர வேண்டும். கதிரியக்கத்தை அறியும் புலன் உடலுக்குக் கிடையாது. கதிரியக்க ஸ்ட்ரான்சியத்தைக் கால்சியம் என்றெண்ணி எலும்பில் சேர்க்கும். சீசியத்தைப் பொட்டாசியம் என்றெண்ணித் தசையெங்கும் பரப்பும். தைராய்டு செல்களும் எந்த அயோடினையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் முன்பே நிறைந்திருந்தால் மருந்தை ஏற்காது.

ஆகவே இரண்டு வாரம் அயோடின் உப்பு, பால், முட்டை, கடல்மீன் கூடாது. செல்களின் அயோடின் பசியைத் தூண்ட, தைராய்டு மாத்திரையும் ஒரு மாதமாக நிறுத்தம். பட்டியல் எழுதி அக்காவின் படூர் வீட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். மாத்திரை இல்லாமல் அக்காவின் முகம் வீங்கியது; சித்திரை வெயிலிலும் குளிரெடுத்து நடுங்கினாள். செய்யூரில் மாமியாரிடம் விட்டிருந்த மகளோடு தொலைபேசியில் நான்கு சொற்கள் பேசுவதற்குள் களைத்துப்போவாள்.

குறித்த நாளில் சிறுநீரைச் சோதித்த மருத்துவர், "உடம்புல அயோடின் நெறைய இருக்கு. இப்ப கொடுத்தா பிரயோஜனமில்ல. மூணு வாரம் கழிச்சு வாங்க" என்றார்.

வெளியே வந்ததும் மாமாவைக் கேட்டேன். அக்காவின் கணவர், சிறுசேரி மென்பொருள் அலுவலகங்களுக்கு வேன் ஓட்டுபவர்.

"மீன் எதுனா வாங்கியாந்தீங்களா மாமா?"

"நீதான் மீனு வாணாம்ன. மாமல்லபுரத்துல சுறா கருவாடு வாங்கியாந்தேன். அறுத்த புண்ணு ஆறணும்ல."

"கருவாடும் மீன்தானே?"

"லிஸ்ட்டுல போட்டியா மச்சான்?"

போடவில்லை. அறுவைசிகிச்சை முடிந்தவர்களுக்கு எங்கள் பக்கம் சுறாக் கருவாடு கொடுப்பது எனக்குத் தெரியாததா? ஸ்ட்ரான்சியம் எங்கே தங்கும் என்று விளக்கினேன். கருவாட்டை எழுத மறந்தேன்.

"அவர இன்னாத்துக்குடா கேக்குற?" என்றாள் அக்கா. "ஒரு மாசமா வாய்க்கு ஒண்ணும் புடிக்கல. ரெண்டாவது தபா நான்தான் கேட்டு வாங்கித் துன்னேன்."

வேனில் ஏறிய பின் கேட்டாள்: "மூணு வாரமும் மாத்திரை கெடையாதாடா?"

"கெடையாதுன்னு நெனைக்கிறேன். நாளைக்கு டாக்டர்கிட்ட கேக்குறேன்."

மாமா ஏசியை அணைத்தார்.

"அதுக்குள்ள உள்ள கீறது வளந்துடுமா?"

பெரும்பாலும் வளராது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் 'பெரும்பாலும்' எனக்கே போதவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைபேசியை எடுத்து, நாளை மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றில் மாத்திரைக்குக் கீழே அதையும் எழுதினேன்.