அமெரிக்காவில் ஆன விவாகரத்து, தாம்பரத்தில் ஆகவில்லை

வக்கீல் தொழிலில், சேர்ந்திருப்பவர்களைப் பிரித்து வைக்கலாம், பிரிந்தவர்களைச் சேர்த்தும் வைக்கலாம். ஏற்கெனவே பிரிந்து போனவர்களை இன்னொரு தரம் பிரித்து வைக்கும் வேலைக்கு மட்டும் தயவுசெய்து யாரும் வந்துவிடாதீர்கள்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் எனக்கு ஆபீஸ். வாய்தா வாங்கி வாங்கியே தலை நரைத்தவள் நான். உங்களில் யாராவது ஒரு வாரிசுச் சான்றிதழுக்கோ பட்டா மாறுதலுக்கோ அலைந்திருந்தால் நீங்களும் நானும் சொந்தக்காரர்கள் மாதிரி, மேலே படியுங்கள். அலையாதவர்கள் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்தவர்கள். அவர்களிடம் சொல்லி என்ன பிரயோஜனம்?

தங்க முத்திரை

சுகன்யா என் ஆபீஸுக்கு வந்தபோது கையில் ஒரு தீர்ப்பு இருந்தது. அமெரிக்கத் தீர்ப்பு. கெட்டிக் காகிதம், தங்க நிறத்தில் முத்திரை, பார்த்தால் சட்டம் போட்டு ஹாலில் மாட்டத் தோன்றும். தாம்பரத்தில் மண்டபம் பிடித்துக் கல்யாணம் செய்து, கார்த்திக் என்ற அந்தப் பிள்ளையோடு அமெரிக்கா போய், சரிப்படாமல், இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு அங்கேயே விவாகரத்து வாங்கியிருந்தாள். பிறகு கோவிலம்பாக்கத்தில் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். இப்போது துரைப்பாக்கத்தில் வேலை.

பக்கத்தில் பாஸ்கர். திருமுடிவாக்கத்தில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறவர். இவள் அப்பா வீட்டுக்கு இரும்பு கேட் மாட்ட வந்தவர், கேட்டை மாட்டிவிட்டுப் போனவர்தான், அதற்கப்புறம் கேட் ஒழுங்காகச் சாத்துகிறதா என்று பார்க்க அடிக்கடி வந்திருக்கிறார். சிங்கப்பெருமாள் கோவிலில் கல்யாணம் என்று அவர் அம்மா வேண்டுதலே வைத்தாகிவிட்டது. பதிவு செய்யப் போன இடத்தில், 'இது வெளிநாட்டுத் தீர்ப்பு, இது செல்லும் என்று நம்ம ஊர் கோர்ட் உத்தரவு கொண்டு வாங்க' என்று திருப்பிவிட்டார்கள்.

அவர்கள் கேட்டது நியாயம்தான் என்று நான் பொறுமையாக விளக்கினேன். கல்யாணம் இந்துத் திருமணச் சட்டப்படி நடந்தது. அங்கே 'ஒத்துப் போகவில்லை' என்றால் பிரித்து விடுவார்கள், நம் சட்டத்தில் அது போதாது. நீங்கள் மனசார சம்மதித்துத்தான் அந்தக் கோர்ட்டுக்குப் போனீர்கள் என்று இங்கே நிரூபித்து, தீர்ப்பு செல்லும் என்று அறிவிப்பு வாங்க வேண்டும். அதற்கு முன்னால் தாலி ஏறினால், நாளைக்கு யாராவது முதல் கல்யாணம் இன்னும் இருக்கிறது என்று வழக்குப் போட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்.

சுகன்யா அந்தத் தங்க முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "அப்போ அவர் அங்க இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டு குழந்தையோட இருக்கார். நான் மட்டும் கோவிலம்பாக்கத்துல இன்னும் அவர் பொண்டாட்டியா மேடம்?"

போகியில் போனது

மனுவைப் போட்டேன். திரும்பி வந்தது. மார்ஜின் போதவில்லையாம். சரி செய்து போட்டேன். பக்க எண் தப்பாம். அதையும் சரி செய்தேன். மறுபடி வந்தது, கல்யாணப் பத்திரிகை இணைக்கவில்லையாம். மனுக்களைச் சரிபார்க்கும் கிளார்க்கிடம் போய், "சார், விவாகரத்துத் தீர்ப்பே வெச்சிருக்கேன். கல்யாணம் ஆகாமலா விவாகரத்து ஆகும்?" என்று கேட்டேன். "அது அமெரிக்காவுக்கு மேடம், எங்களுக்குப் பத்திரிகை வேணும்" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்!

சுகன்யாவிடம் கேட்டால், பத்திரிகை, ஆல்பம், எல்லாவற்றையும் ஒரு போகியன்று வாசலில் போட்டுக் கொளுத்திவிட்டாளாம். பழையன கழிதல்! ஊரே பாயையும் முறத்தையும் எரித்தால் இவள் கோர்ட்டில் காட்ட வேண்டிய எக்ஸிபிட்டை எரித்திருக்கிறாள். பத்திரிகை மிச்சம் இருக்கும் ஒரே இடம் சிட்லபாக்கம், மாஜி மாமியார் சரோஜா டீச்சர் வீடு. போய்ப் பத்திரிகையை மட்டும் வாங்கிக்கொண்டு உடனே திரும்பி வா, பேச்சுக் கொடுக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

காலையில் போனவள் சாயந்திரம் வந்தாள். ஒரு கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. இன்னொரு கையில் ஒரு பாட்டில் வடுமாங்காய். நான் முறைத்த முறைப்பில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவங்க குடுத்தா எப்படி மேடம் வேணாங்கறது? எனக்குப் பிடிக்கும்னு வருஷா வருஷம் போட்டு வெச்சிருக்காங்களாம்."

சம்மன் போன வீடு

இந்த சரோஜா டீச்சர் யார் என்று சொல்லிவிடுகிறேன். ரிடையரான கணக்கு டீச்சர். கணவர் இல்லை, ஒரே பிள்ளை கார்த்திக். பிள்ளைக்கு விவாகரத்து ஆனதை அவர் தன் காலனியில் ஒரு ஈ காக்கைக்குக்கூடச் சொல்லவில்லை. பிள்ளை லீவில் தனியாக வந்தால் 'மருமகளுக்கு லீவு கிடைக்கலை' என்பார். ஹாலில் கல்யாண போட்டோ இன்னும் தொங்குகிறது. அந்தப் போட்டோவில் இருக்கும் பெண் நாலு பஸ் ஸ்டாப் தள்ளித்தான் இருக்கிறாள்!

என் வழக்குக்கு இந்த அம்மாள்தான் உயிர்நாடி. கார்த்திக் வர முடியாது, அதனால் தன் சார்பில் கோர்ட்டில் நிற்க அம்மாவுக்குப் பவர் எழுதி அனுப்பியிருந்தான். அவர் சம்மனை வாங்கி, கோர்ட்டுக்கு வந்து, 'விவாகரத்து ஆனது உண்மை, ஆட்சேபணை இல்லை' என்று சொன்னால் போதும், முடிந்தது. பிள்ளையிடம் 'சரி சரி' என்றவர், சம்மன் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு வாய்தா போனது. இரண்டாவது போனது. தை முகூர்த்தம் தப்பியது. சம்மன் கொண்டு போகும் கோர்ட் ஊழியரை மடக்கி, ஏனய்யா இந்தப் பாடு படுத்துகிறாய் என்று சண்டை போட்டேன். அந்த மனுஷன் என்னைவிட நொந்து போயிருந்தார். "இன்னா மேடம் பண்ணச் சொல்ற? எத்தினி தபா போனாலும் அந்தம்மா உக்கார வெச்சு காபி குடுக்குது, பேப்பரைக் காட்டினா உள்ள பூடுது. கதவுல ஒட்டிடுவேன்னேன், காலனிக்கே தெரிஞ்சிடும்பான்னு அழுவுது. காபி குடிச்ச வூட்டுக் கதவுல எப்டி மேடம் ஒட்றது?"

குழந்தைக்காகவாவது

கடைசியில் கார்த்திக் போனில் கத்தி, நான் நேரில் போய்க் கெஞ்சி, டீச்சர் சம்மனை வாங்கினார். நிம்மதி என்று நினைத்தால், குடும்ப வழக்கு என்பதால் கவுன்சலிங் போயே தீர வேண்டும் என்றார்கள். ஏற்கெனவே விவாகரத்தானவர்களுக்கு என்ன கவுன்சலிங் என்று கேட்டேன். நடைமுறையாம். கிணறு வெட்டப் போனால் பூதம் கிளம்புகிறது, பூதத்துக்கும் நடைமுறை இருக்கிறது.

கவுன்சலர் அம்மாவுக்குத் தங்கமான மனசு, ஃபைலை மட்டும் பிரித்துப் பார்க்கவில்லை. எதிரே சுகன்யா, பக்கத்தில் சரோஜா டீச்சர், மேஜையில் லேப்டாப், அதில் கார்த்திக். "ஏம்மா, சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பிரிஞ்சிட்டா எப்படி? நீங்க ஒரு அடி இறங்குங்க, அவர் ஒரு அடி இறங்குவார்" என்று ஆரம்பித்தார். மேடம், இவர்கள் பிரிந்து வருஷக்கணக்காகிறது என்று நான் இடையில் நுழைந்தேன். "வக்கீலம்மா, கொஞ்சம் சும்மா இருங்க, நீங்கள்லாம் பேசித்தான் குடும்பம் கெடுது" என்று என்னை அடக்கிவிட்டார். சுகன்யா தரையைப் பார்த்தாள். கார்த்திக் கூரையைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து அவன் பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு குறுக்கே போனாள். குழந்தை அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டியது. அவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். சரோஜா டீச்சர் நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டு அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். கவுன்சலர் அம்மாவும் பார்த்தார், பார்த்ததும் முகம் மலர்ந்து சுகன்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார்: "பாரும்மா, இந்தப் பச்சைக் குழந்தைக்காகவாவது நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாழக் கூடாதா?"

பாஸ்கர் வந்தார்

பேச்சுவார்த்தை தோல்வி என்று எழுதி வாங்குவதற்கே இன்னும் இரண்டு நடை. அதற்குள் பங்குனியும் போய்விட்டது. ஒரு நாள் பாஸ்கர் தனியாக வந்தார், சட்டையெல்லாம் கிரீஸ். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அக்கா வேறு பெண்ணின் ஜாதகத்தோடு வந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறாராம். 'கல்யாணமான பொண்ணுக்காக எத்தனை வருஷம்டா நிப்பே' என்று கேட்கிறாராம். அம்மாவும் அசைய ஆரம்பித்துவிட்டாராம். வைகாசிதான் கடைசி, அதற்கு மேல் தன்னால் வீட்டில் ஒருத்தர் வாயையும் மூட முடியாது என்றார். சுகன்யாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சட்டம் என்றால் அப்படித்தான் பாஸ்கர், எல்லாவற்றையும் ஒரு தடவை சரிபார்க்கும் என்று ஏதோ சமாதானம் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம். "இன்னா மேடம் சட்டம்? எங்க பட்டறையில பீஸை கட் பண்ணா கட் பண்ணதுதான். அத்த திருப்பி வெல்டு வெச்சு, மறுபடி என் கண்ணு முன்னாடி கட் பண்ணிக் காட்டுன்னு ஒரு கஸ்டமர் கேட்டான்னா, அவனை கேட்டுக்கு வெளிய தள்ளிடுவோம்."

கூண்டில் டீச்சர்

சித்திரையில் சாட்சி விசாரணை. முதல் நாளே டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில், 'ஆமாம்', 'இல்லை', அவ்வளவுதான், கதை வேண்டாம். "என் சர்வீஸ் பூரா நான் பாடம் எடுத்தவ, எனக்கே பாடமா?" என்றார். நான் இன்னொரு தரம் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தேன்.

கூண்டில் ஏறினார். பெயர், வயது, பவர் பத்திரம், எல்லாம் சரளமாக வந்தது. நான் பெருமூச்சு விடப் போகிற சமயம் நீதிபதி அம்மா நிமிர்ந்து, சுகன்யாவைக் காட்டி, "இவங்க யாருன்னு தெரியுதா?" என்றார். சாதாரணக் கேள்வி. டீச்சர் சிரித்துக்கொண்டே, "தெரியாம என்னம்மா? எம் மருமக" என்றார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மருமகளா? அப்போ விவாகரத்து ஆகலையா?" எனக்குப் பகீர் என்றது. பாவி, வருஷம் முழுக்கக் கட்டிய கோட்டையை ஒரே வார்த்தையில் இடித்துவிட்டாரே! பார்வையாளர் பக்கம் நின்ற பாஸ்கர் சுவரில் சாய்ந்துவிட்டார். சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் எழுந்தேன், 'சாட்சி பேசட்டும், நீங்க உட்காருங்க' என்றார் நீதிபதி.

டீச்சர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுகன்யாவையே பார்த்தார். சிட்லபாக்கம் காலனி மொத்தமும் அந்தக் கோர்ட் ஹாலில் வந்து உட்கார்ந்திருப்பது போல அவருக்குக் கூச்சம். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆயிடுச்சும்மா. எப்பவோ ஆயிடுச்சு. யார்கிட்டயும் சொன்னதில்லை, அதான் வாய் பழகலை. எம் பையன் அங்க கல்யாணம் பண்ணிக்கிட்டான், பேத்தி பொறந்திருக்கு. அது போட்டோவை பீரோவுக்குள்ள ஒளிச்சு வெச்சுத்தான் பார்க்கறேன். நான் மூடி மூடி வெச்சதுல இந்தப் பொண்ணு அந்தரத்துல நிக்குது. எழுதிக்குங்கம்மா, இவ எம் மருமக இல்லை. இவளுக்குக் கல்யாணம் நடக்கணும்."

எதிர் வீடு

உத்தரவு வந்தது. அதன் சான்றிட்ட நகல் வருவதற்குள் நான் பட்ட பாடு தனிப் புராணம், அதை உங்கள் அனுபவத்திலிருந்து நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். வைகாசியின் கடைசி முகூர்த்தத்தில் சிங்கப்பெருமாள் கோவிலில் கல்யாணம் நடந்தது. பாஸ்கரின் அக்காதான் முன்னால் நின்று எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார், ஜாதகம் கொண்டு வந்தவர் இவர்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சரோஜா டீச்சர் வரவில்லை. தான் வந்து நின்றால் அந்தப் பெண்ணுக்குச் சங்கடம் என்று சொல்லி, ஒரு பாட்டில் வடுமாங்காயை என்னிடம் கொடுத்து அனுப்பினார். கோர்ட்டு சம்மனை வாங்க மறுத்த கை கொடுத்த ஊறுகாய் பாட்டிலைச் சுமந்துகொண்டு நான் செங்கல்பட்டு ரயிலில் நின்றபடியே போனேன்.

அடுத்த வாரம் டீச்சர் போன் செய்தார். மறுபடி என்ன வில்லங்கமோ என்று பயந்துகொண்டேதான் எடுத்தேன். குரல் லேசாக இருந்தது. ஹாலில் இருந்த பழைய போட்டோவைக் கழற்றிவிட்டு பேத்தி போட்டோவை மாட்டிவிட்டாராம். "எதிர் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா. அவ என்ன சொன்னா தெரியுமா? 'எங்க எல்லாருக்கும் அப்பவே தெரியும் டீச்சர், நீங்களா சொல்லட்டும்னுதான் காத்துக்கிட்டிருந்தோம்'கறா!"

ஊருக்கே தெரிந்த ஒரு விஷயத்தைச் சம்பந்தப்பட்டவர் வாயால் சொல்ல வைக்க இரண்டு தேசத்துக் கோர்ட்டும் எதிர் வீட்டு அம்மாவும் வேண்டியிருந்தது, நடுவில் செருப்புத் தேய்ந்ததென்னவோ எனக்குத்தான்.