முக்கில் நிற்பது யார்?

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்றாவது பீரியட் நடந்துகொண்டிருந்தது. பியூன் வந்து சீட்டு ஒன்றை நீட்டினார். ஹெட்மாஸ்டர் கூப்பிடுகிறாராம். ஒரு பெண்ணின் தகப்பனார் வந்திருக்கிறாராம் — கோபமாக.

வாத்தியார் மறுபடியும் மாட்டிக்கொண்டாரா என்றுதானே கேட்கிறீர்கள்? ஆமாம், மாட்டிக்கொண்டேன்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். தென்காசியில் எஸ்.எஸ்.எல்.ஸி. வகுப்புக்குச் சரித்திரம் நடத்துகிறவன் நான். கிரேக்க தேசத்துப் பாடம் வந்தது. ஊர்க்காரர்களை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டு, கடைசியில் விஷக் கோப்பையை வாங்கிக் குடித்தாரே ஒரு ஏதென்ஸ் கிழவர், அவரைப் பற்றிய பாடம். பரீட்சைக்கு ஐந்து வரி எழுதினால் போதும். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை அவருக்கே கொடுத்துவிட்டேன். நம் ஊர் விவகாரம் ஒன்றை எடுத்துக்கொள்வது... அதைப் பற்றிக் கேள்வி மட்டும் கேட்பது. நான் உள்பட யாரும் பிரசங்கம் செய்யக் கூடாது. இதுதான் சட்டம்.

டீக்கடையில் சிலருக்கு மட்டும் ஏன் தனி கிளாஸ்? குழாயடியில் ஏன் தினமும் சண்டை? நாலைந்து வாரம் ஜோராகப் போயிற்று. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, எட்டாம் வகுப்பில் பதினைந்து பெண்கள் இருந்தார்களே, இங்கே ஏன் மூன்று பேர்தான் என்று கேட்டேன். பையன்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பெண்கள் மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்த மூவரில் ஒருத்தி பாத்திமுத்து. அடுத்த வாரம் அவள் வரவில்லை.

வந்திருந்தவர் அவளுடைய தகப்பனார் காசிம் பாய். வீட்டிலேயே இரண்டு தறி போட்டு நெய்கிறவர். சாரல் விடாமல் அடிக்கிறது, தெருவில் பாவு நூலை நீட்டி விரிக்க வழியில்லை, அதனால்தான் வர முடிந்தது என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவ்வளவுதான் அவருடைய கோபம்.

படிப்பை நிறுத்தப் போவதாக மகளிடம் சொல்லியிருக்கிறார். ஏன் வாப்பா என்று கேட்டாளாம். ஊர் பேசும் என்றாராம். ஊர் என்றால் யார் என்று கேட்டாளாம். அன்றிலிருந்து தறியில் உட்கார்ந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கிறதாம்.

எனக்கு இது போதாதா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு பெண் கல்வியின் அவசியத்தைப் பற்றி ஆரம்பித்தேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "சார்வாள், ஒங்க வகுப்புல பிரசங்கம் பண்ணப்புடாதுன்னு சட்டமாம்லா? எம் மவ சொன்னா. நானும் ஒரு கேள்வி கேட்டுக்கிடுதேன்."

கேளுங்கள் என்றேன்.

"குத்துக்கல்வலசைக்குத் திரும்புத முக்குல சாயங்காலம் நாலு பயலுவ நிக்கானுவ. எம் மவ போவையில பாட்டுப் படிக்கானுவ. ஒரு நா அவ பின்னாலயே போயி பாத்தேன். அவனுவ யாரு தெரியுமா?"

யார் என்றேன்.

"ஒங்க வகுப்புப் பயலுவதான். அவள நிப்பாட்டுதது லேசு சார்வாள். அவனுவள யாரு நிப்பாட்டுதது?"

ஹெட்மாஸ்டர் பிரம்பைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பெயரைச் சொல்லுங்கள், இப்போதே தோலை உரிக்கிறேன் என்றார் ஹெட்மாஸ்டர். பாய் சொல்ல மறுத்துவிட்டார். அடி வாங்குகிறவன் அந்தக் கோபத்தையும் என் மகள் மேல்தானே காட்டுவான் என்று கேட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் மேலகரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவன். அந்த முக்கு என் பாதையிலேயே இல்லை. ஆனால் இது ஒரு சமாதானமா? ஏன் மூன்று பேர்தான் என்று கேட்ட நான், நீங்கள் எந்த வழியாக வருகிறீர்கள் என்று அந்தப் பெண்களிடம் ஒரு நாளாவது கேட்டேனா?

வெள்ளிக்கிழமை வந்தது. யார் பெயரையும் எடுக்காமல், வீரம் என்றால் என்ன என்று கேட்டேன். ஏதென்ஸில் கேட்ட பழைய கேள்விதான். பயப்படாமல் இருப்பது என்றார்கள். சரி... நாலு பேராகச் சேர்ந்து முக்கில் நிற்கிறான் ஒருவன். அவர்களைத் தாண்டித் தினமும் தனியாக நடந்து போகிறாள் ஒருத்தி. இதில் யாருக்கு வீரம் என்றேன்.



சங்கரலிங்கம் எழுந்தான். கிளாஸ் லீடர். முதல் மார்க் வாங்குகிறவன். வெள்ளிக்கிழமைகளில் எல்லாரையும்விட நல்ல கேள்வி கேட்கிறவன்.

"அங்கன நானும் நிக்கேன் சார்," என்றான்.

அவனை அறையக் கை எழுந்தது நிஜம். எப்படியோ அடக்கிக்கொண்டேன். பாயின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவனே சொன்னான். சனிக்கிழமை மற்றவர்கள் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார்கள். இவன் தறி வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன்.

பாய் திட்டவில்லை. தறிக்குழியில் உட்கார்ந்தபடியே, கூடப்பிறந்தவர்கள் யார் யார் என்று விசாரித்தார். ஒரு தங்கை என்றான். எந்த வகுப்பு என்றார்.

பையன் மெதுவாகச் சொன்னான்: "போன வருசம் நிப்பாட்டியாச்சு."

"என்னத்துக்கு?"

"போற வழியில பயலுவ நிக்கானுவன்னு... எங்க அப்பா நிப்பாட்டிட்டாவ."

சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் வெளுத்துவிட்டது. தங்கையின் படிப்பை நிறுத்தியதும் தன்னைப் போல ஒரு முக்கில் நிற்கிறவன்தான் என்பது அந்த நிமிஷம் வரை அவனுக்குத் தோன்றவே இல்லை. குலுங்கிக் குலுங்கி அழுதான். பாய் தறியை விட்டு எழுந்து, உள்ளே பார்த்து மூன்று பேருக்கும் தேயிலைத் தண்ணி போடச் சொன்னார்.

திங்கட்கிழமை பாத்திமுத்து வகுப்புக்கு வந்துவிட்டாள்.

முக்கு என்ன ஆயிற்று? ஒரு வாரம் காலியாக இருந்தது. அப்புறம் வேறு இரண்டு பேர் வந்து நின்றார்கள். சங்கரலிங்கம் போய் அவர்களிடம் கேள்வி கேட்டிருக்கிறான். சட்டை கிழிந்து வந்தான். தங்கையைத் திரும்ப அனுப்பும்படி அப்பாவிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவர் இன்னும் தலையசைக்கவில்லை. பார்க்கலாம்.

பெண்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று மேடைதோறும் பேசுகிறோமே... பையன்களை நேரே வீட்டுக்கு அனுப்புங்கள் என்று யாராவது ஒருத்தர் பேசினோமா?